மாண்ட்வா பக்கம் வேக்போர்டிங்: படகில் உட்கார ஆள் வேண்டும்

வேக்போர்டிங் கற்றுக்கொள்ள ஆசை என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது, "கூட யார் வர்றாங்க?" என்பதைத்தான். நீச்சல் தெரியுமா, எவ்வளவு செலவாகும் என்பதெல்லாம் அப்புறம். படகு ஒரு நேரத்தில் ஒருவரைத்தான் இழுக்கும். நான்கு பேர் சேர்ந்து ஒரு மணி நேரத்துக்குப் படகு எடுத்தால் ஆளுக்குக் கால் மணி நேரம் தண்ணீரில். மிச்ச முக்கால் மணி நேரம் படகில். அந்த முக்கால் மணி நேரம் எப்படி உட்கார்ந்திருக்கிறோம் என்பதைப் பொறுத்துத்தான் தண்ணீரில் இருப்பவர் கற்றுக்கொள்வதும், பத்திரமாகத் திரும்புவதும். படகில் ஏறியதும் செல்போனை எடுத்துப் பார்க்கிற ஆளோடு நான் கடலுக்குப் போக மாட்டேன்.

புதிதாகக் கேள்விப்படுபவர்களுக்குச் சுருக்கமாக. இரண்டு காலையும் ஒரே போர்டில் குறுக்குவாட்டில் கட்டிக்கொண்டு, வேகப்படகின் பின்னால் கயிறு பிடித்துப் போவதுதான் வேக்போர்டிங். படகு கிழித்துக்கொண்டு போகும்போது பின்னால் இரண்டு பக்கமும் எழும் அலைக்குப் பெயர் வேக். தேர்ந்தவர்கள் அதில் ஏறிக் குதிப்பார்கள். 1985இல் சான் டியேகோவைச் சேர்ந்த டோனி ஃபின் என்ற அலைச்சறுக்கு வீரர் 'ஸ்கர்ஃபர்' என்ற போர்டைக் கொண்டுவந்தார். ஆரம்பகால போர்டுகள் மிதப்பு அதிகம் உள்ளவை. ஆழமான தண்ணீரில் அவற்றை அடக்கிப் பிடித்து எழுவது பெரும்பாடு. 1990இல் ஹெர்ப் ஓ'பிரையன் மெல்லிய, மிதப்பு குறைந்த 'ஹைப்பர்லைட்' போர்டைக் கொண்டுவந்த பிறகுதான் சாதாரண ஆட்களும் தண்ணீரிலிருந்து எழ முடிந்தது. நம்மைப் போல வார இறுதியில் மட்டும் போகிறவர்களுக்கு இந்த விளையாட்டு எட்டியது அதற்குப் பிறகுதான்.

நாங்கள் மும்பைக்காரர்கள் நான்கு பேர், போவது கடலுக்கு எதிர்க்கரையில் அலிபாக் பக்கம் உள்ள மாண்ட்வாவுக்கு. நானும் என் கல்லூரித் தோழனும் செம்பூர். முலுண்டிலிருந்து ஒரு தோழி வருவாள், பேங்க் வேலை. நாலாமவர் தாராவி அண்ணன். பிறந்து வளர்ந்தது அங்கேயேதான், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம், தோல் பை தைக்கிற தொழில். வயதில் எங்களுக்கெல்லாம் மூத்தவர். கையில் எதைக் கொடுத்தாலும் முதலில் திருப்பித் தையலைப் பார்ப்பார். கரையில் தருகிற ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டுகளை ஒவ்வொன்றாக வாங்கி, தொடைக்கு நடுவே வருகிற பட்டையை விரலில் சுற்றி இழுப்பார். ஒருமுறை அப்படி இழுத்தபோது பட்டை சேரும் இடத்தில் நூல் பிரிந்து வந்தது. "இது அடுத்த இழுப்புக்குத் தாங்காது தம்பி, வேற எடு" என்றார். ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டதும் அவரே ஒவ்வொருவர் பின்னாலும் வந்து நின்று, தோளைப் பிடித்து மேலே தூக்குவார். ஜாக்கெட் காதுவரை ஏறினால் தண்ணீரிலும் அப்படித்தான் ஏறும், மூச்சு முட்டும். அவர் சரியென்று சொன்ன பிறகுதான் படகு.

இனி மும்பைக்கே உரிய விஷயம்: கடலின் ஏற்றவற்றம். ஏரியில் கற்றுக்கொள்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் நண்பகல் வாக்கில் உச்சத்துக்கு ஏறும். அப்படியென்றால் காலை ஆறு, ஆறரைக்கு அடிமட்டத்தில் கிடக்கும். அந்த நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் 4 மீட்டரைத் தாண்டிவிடும். அலிபாக் கடற்கரைக்கு எதிரே கடலுக்குள் நிற்கிற குலாபா கோட்டையைப் பார்த்திருப்பீர்கள். வற்றும்போது அதற்கு நடந்தே போய்விடலாம், ஏறிய பிறகு படகுதான் கதி. விடிகாலை வற்றமாக இருந்தால் கரையிலிருந்து படகுவரை சேற்றில் முழங்கால் புதைய நடக்க வேண்டும். படகும் ஆழம் தேடி வெகுதூரம் போக வேண்டும்.

விடிகாலையே வேண்டும் என்பதற்குக் காரணம் காற்று. நவம்பர் முதல் பிப்ரவரி வரை காலையில் நிலத்திலிருந்து மெல்லிய காற்றுதான் வரும், தண்ணீர் அசையாமல் கிடக்கும். வெயில் ஏற ஏறக் கடற்காற்று கிளம்பி, மதியத்தில் சிறு சிறு அலைகளாகக் குத்தும். கற்றுக்கொள்கிறவர்களுக்கு அந்தக் குத்தலில் போர்டை நிலையாக வைத்திருப்பது முடியாத காரியம். ஆக, கடல் நிறைந்திருக்க வேண்டும், காற்றும் எழும்பியிருக்கக் கூடாது. ஏற்றம் தினமும் சுமார் 50 நிமிடம் தள்ளிப் போகும். அமாவாசைக்கோ பௌர்ணமிக்கோ ஒரு வாரம் கழித்து உச்சம் காலை ஆறு மணி வாக்கில் வந்துவிடும். அந்த நாட்களில் ஏறுவதும் இறங்குவதும் குறைவு என்பதால் நீரோட்டமும் மட்டுப்பட்டிருக்கும்.

அதாவது அஷ்டமியை ஒட்டி வருகிற சனி, ஞாயிறுதான் எங்களுக்கு வாய்ப்பான நாள். எங்கள் வீட்டுச் சுவரில் தினசரி காலண்டர் தொங்குகிறது. மாதத் தொடக்கத்திலேயே புரட்டிப் பார்த்து நாள் குறித்துவிடுவேன், பிறகு ஏற்றவற்ற அட்டவணையில் நேரத்தைச் சரிபார்ப்பேன். "அஷ்டமியும் அதுவுமா கடலுக்கா?" என்று அம்மா ஒவ்வொரு முறையும் கேட்பார். "புதுசா எதையும் தொடங்கலம்மா, ஏற்கெனவே தொடங்கினதுதான்" என்று சொன்னால் பேசாமல் இட்லிக்கு மிளகாய்ப் பொடி தடவிக் கட்டித் தருவார். ஆனால் 2024 டிசம்பர் 18க்குப் பிறகு அவர் கேட்கிற கேள்வி மாறிவிட்டது. மும்பை கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து எலிஃபன்டா தீவுக்குப் போய்க்கொண்டிருந்த நீல்கமல் பயணிகள் படகின் மீது கடற்படையின் வேகப்படகு மோதிப் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்துபோன நாள் அது. அன்றிலிருந்து, "ஜாக்கெட் எல்லாருக்கும் உண்டா? படகுல உட்கார்றவங்களுக்கும் உண்டா?" என்று கேட்டுவிட்டுத்தான் விடுகிறார். நியாயமான கேள்வி. படகில் உட்கார்ந்திருப்பவர்களும் ஜாக்கெட்டைக் கழற்றக் கூடாது என்பது எங்களுக்குள் எழுதாத சட்டம்.

போக்குவரத்து பெரிய சிக்கல் இல்லை. கேட்வேயிலிருந்து மாண்ட்வா ஜெட்டிக்குப் படகு உண்டு. ஆனால் விடியும்போது தண்ணீரில் இறங்க வேண்டுமானால் கார்தான் வசதி. 2024 ஜனவரியில் அடல் சேது திறந்த பிறகு சிவ்ரியில் ஏறி 21.8 கிலோமீட்டர் பாலத்தைக் கடந்து, பேண், வட்கல் வழியாகப் போய்விடுகிறோம். பைக்கை அந்தப் பாலத்தில் விட மாட்டார்கள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

தண்ணீருக்குப் போகும் முன் மொட்டை மாடியில் செய்ய வேண்டிய பயிற்சி ஒன்று இருக்கிறது. பணம் கொடுத்துப் படகில் கற்றுக்கொள்வதில் பாதியை இங்கேயே முடித்துவிடலாம். தரையில் உட்காருங்கள். முழங்கால்களை மார்போடு ஒட்டி, குதிகால்களை உடம்புக்கு அருகே இழுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கையையும் நீட்டி ஒரு கம்பைப் பிடியுங்கள், முழங்கை மடங்கக் கூடாது. எதிரே நிற்கும் நண்பர் கம்பில் கட்டிய கயிற்றை மெதுவாக, நின்று நிதானமாக இழுக்க வேண்டும். நீங்களாக எழ முயன்றால் கை மடங்கும், இடுப்பு பின்னால் போகும், பொத்தென்று உட்கார்ந்துவிடுவீர்கள். கையை நீட்டியபடியே, குந்திய நிலையிலேயே இழுப்புக்கு உடம்பைக் கொடுத்தால் பாதத்தின் மேல் வந்து நிற்பீர்கள். எந்தக் கால் முன்னால் என்பதையும் இங்கேயே பார்த்துக்கொள்ளலாம். எதிர்பாராத நேரத்தில் ஒருவர் பின்னாலிருந்து லேசாகத் தள்ளினால் எந்தக் கால் தானாக முன்னே போகிறதோ, பெரும்பாலும் அதுவே உங்கள் முன்கால். இடது கால் முன்னால் என்றால் ரெகுலர், வலது கால் என்றால் கூஃபி. இரண்டில் உயர்வு தாழ்வு கிடையாது.

கடலில் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான். மல்லாந்து மிதக்கிறோம், ஜாக்கெட் தாங்கிக்கொள்கிறது. போர்டு நமக்கும் படகுக்கும் நடுவே குறுக்காக, ஒரு விளிம்பு தண்ணீருக்கு மேலே தெரிய நிற்கிறது. கயிறு மெல்ல விறைக்கிறது. படகு நகர்ந்ததும் போர்டின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் அழுத்துகிறது. முகத்தில் நீர் அடிக்கிறது, கண் தெரியவில்லை. அந்த ஒன்றிரண்டு விநாடியில் எல்லோருக்கும் தோன்றுவது காலை உதைத்து எழுந்துவிடலாம் என்பதுதான். காலை நீட்டிய கணத்தில் போர்டு தண்ணீரை நேருக்கு நேராக எதிர்க்கும், கைப்பிடி விரல்களிலிருந்து பிய்த்துக்கொண்டு போகும். குர்லா ஸ்டேஷனில் காலை நேரத்து லோக்கலில் ஏறியிருக்கிறீர்களா? அங்கே நாம் ஏற வேண்டியதில்லை, நெரிசலே தூக்கி உள்ளே வைத்துவிடும். இங்கேயும் அப்படித்தான். சுருண்டபடியே இருங்கள். போர்டு தண்ணீர்ப் பரப்பின் மேல் ஏறிவிட்டது என்று பாதத்துக்கே தெரியும். முகத்தில் அடித்த நீர் நின்றுபோகும். அதற்குப் பிறகு மெல்ல நிமிர்ந்து, முன்காலைப் படகின் பக்கம் திருப்பி, கைப்பிடியை இடுப்பருகே வைத்துக்கொள்ள வேண்டும். முழங்கால் மடங்கியே இருக்கட்டும்.

எழுந்ததும் குனிந்து போர்டைப் பார்க்கத் தோன்றும். பார்த்தால் விழுவோம், தலை எங்கே போகிறதோ உடம்பும் அங்கே போகும். எங்கள் தோழி இதற்கு ஒரு வழி வைத்திருந்தாள். படகின் பின்புறம் நம்மைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, "என் முகத்தையே பாரு" என்பாள். காற்றில் குரல் கேட்காது. அவள் தன் தாடையைத் தொட்டுக் காட்டினால் தலையை நிமிர்த்து, முழங்காலைத் தட்டினால் இன்னும் மடக்கு, கையை நீட்டிக் காட்டினால் முழங்கையை மடக்காதே. இழுபடுகிறவருக்குத் தன் உடம்பு எப்படி இருக்கிறது என்று தெரியாது. எதிரே உட்கார்ந்திருப்பவர் கண்ணாடியாக இருந்து காட்டாவிட்டால் ஒரே தவறைத் திரும்பத் திரும்பச் செய்துகொண்டிருக்க வேண்டியதுதான். என் தோழன் அவள் இல்லாத நாட்களில் எழவே திணறினான், அவள் வந்த அன்று எழுந்தான்.

ஆரம்பத்தில் படகின் வேகம் மணிக்கு 25 முதல் 30 கிலோமீட்டர் போதும். அலை தாண்டிக் குதிக்கிறவர்கள் 35, அதற்கு மேலும் கேட்பார்கள். கயிற்றின் நீளம் புதியவர்களுக்கு 15 மீட்டர் அளவில் இருந்தால் நல்லது. கயிற்றை ஏறும் முன்பே கையில் வாங்கி இழுத்துப் பாருங்கள். வாழைப்பழம் போன்ற மிதவையில் ஆட்களை உட்காரவைத்து இழுக்கிற பனானா ரைடுக்குக் கட்டுகிற நைலான் கயிற்றையே வேக்போர்டுக்கும் எடுத்துக் கட்டிவிடுகிற வழக்கம் பல கரைகளில் இருக்கிறது. அது இழுத்தால் நீளும். கைவிட்டால் கைப்பிடியோடு சுருங்கிப் படகில் இருப்பவர் முகத்துக்கு வரும். வேக்போர்டுக்கு நீளாத கயிறுதான் வேண்டும். கயிற்றையோ கைப்பிடியின் வளையத்தையோ மணிக்கட்டில் சுற்றிக்கொள்வது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

படகோட்டியைப் பற்றியும் தயங்காமல் கேளுங்கள். கோவாவில் உள்ள தேசிய நீர்விளையாட்டு நிறுவனம் படகு ஓட்டுவதற்கும் உயிர்காப்புக்கும் பயிற்சி கொடுத்துச் சான்றிதழ் தருகிறது. அது இருக்கிறதா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. அதைவிட முக்கியம், விழுந்தவரை ஏற்றும்போது அவர் என்ன செய்கிறார் என்பது. நம்மூர் வேகப்படகுகளில் இஞ்சின் பின்புறம் தொங்கும். ஏறுகிற ஏணியும் அதன் பக்கத்திலேயே இருக்கும். ஆள் நெருங்கும்போது இஞ்சினை அணைத்தே ஆக வேண்டும். ஒரு கரையில் ஓட்டுநர் இஞ்சினை ஓடவிட்டபடியே ஏறச் சொன்னார். அண்ணன் அணைக்கச் சொன்னதற்கு, "குச் நஹி ஹோதா" (ஒன்றும் ஆகாது) என்று பதில் வந்தது. அண்ணன் அன்று அத்தோடு முடிக்கச் சொல்லிவிட்டார். கொடுத்த பணம் போனால் போகட்டும் என்று கரை திரும்பினோம், அந்தப் பக்கம் பிறகு போகவில்லை. நான் இதில் துளிகூட விட்டுக்கொடுக்க மாட்டேன், நீங்களும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இப்போது எங்களைக் கூட்டிப்போகிறவர் கோலி மீனவக் குடும்பத்துத் தாண்டேல், அதாவது படகுத் தலைவர். தமிழ் தெரியாது, அவசரத்தில் ஹிந்தியும் அவர் வாயில் வராது. அதனால் படகில் எங்கள் கட்டளைகள் மராத்தியில்தான்: மெதுவாக என்றால் 'ஹளூ', நிறுத்த 'தாம்பா'. தண்ணீரில் இருப்பவர் கையால் பேசுவார். கட்டைவிரல் மேலே என்றால் வேகம் கூட்டு, கீழே என்றால் குறை, கழுத்தின் குறுக்கே கை போனால் உடனே நிறுத்து, தலையில் தட்டினால் போதும், கரைக்குப் போகலாம். விழுந்தவர் தலைக்கு மேல் கையைத் தூக்கிக் காட்ட வேண்டும், எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பொருள். கை எழவில்லை என்றால் யாரும் யோசிக்கக் கூடாது, படகு நேராக அங்கே போக வேண்டும்.

ஓட்டுகிறவர் கண் முன்னால் இருக்கும். பின்னால் பார்க்கத் தனியாக ஒருவர் வேண்டும், அவருக்கு வேறு வேலை தரக்கூடாது. படம் எடுக்கிறவர் வேறு, பார்க்கிறவர் வேறு. இது எவ்வளவு அவசியம் என்று ஒரு ஜனவரிக் காலையில் கண்ணால் பார்த்தேன். என் தோழன் விழுந்தான், கையைத் தூக்கினான். படகு சுற்றித் திரும்புவதற்குள் மீன்பிடிப் படகு ஒன்று குறுக்கே வந்தது. எதிர்வெயில், தண்ணீரில் ஒரு தலை மட்டும் தெரிவது அந்தப் படகில் இருப்பவர்களுக்குக் கண்ணில் படாது. தோழி எழுந்து நின்று, வலது கையை நீட்டி, அவன் இருக்கும் இடத்தைச் சுட்டியபடியே இருந்தாள். எங்கள் படகு திரும்பத் திரும்ப அவள் உடம்பும் திரும்பியது, விரல் மட்டும் அவனை விட்டு நகரவில்லை. அண்ணன் சிவப்புத் துண்டை எடுத்து வீசினார். தாண்டேல் அவள் விரலைப் பார்த்தே ஓட்டி, எங்கள் படகை இரண்டுக்கும் நடுவில் கொண்டுபோய் நிறுத்தினார். தோழனும் சொல்லிக்கொடுத்தபடி போர்டின் முனையைத் தண்ணீருக்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தான். மீன்பிடிப் படகு கையசைத்துவிட்டு விலகிப் போனது.

அந்தக் கடல் அவர்கள் பிழைப்பு நடக்கிற இடம் என்பதையும் நாம் மறக்கக் கூடாது. மும்பைக் கரையோரம் கோலிகள் கம்பு நட்டு, பை போன்ற டோல் வலை கட்டுவார்கள். எங்கே வலை இருக்கிறது, எந்தப் பக்கம் போகக் கூடாது என்று தாண்டேலிடம் கேட்டுக்கொண்டே கிளம்ப வேண்டும். மிதவையைப் பார்த்தால் தள்ளியே போங்கள்.

விழுவதைப் பற்றி ஒன்றே ஒன்று. போர்டின் விளிம்பு தண்ணீரில் மாட்டிக்கொண்டால் விழுவது சட்டென்று நடக்கும், மேலே நிற்கிறவருக்கு யோசிக்க நேரம் கிடைக்காது. கைப்பிடியை விட்டுவிடுங்கள், தாடையை மார்பில் அழுத்திக்கொள்ளுங்கள். பிடித்துத் தொங்கிக்கொண்டே போவதில்தான் தோள்பட்டை போகும். ஒருவர் பத்து நிமிடத்துக்கு மேல் ஒரேயடியாக வேண்டாம். முன்கை சோர்ந்த பிறகு வருகிற விழுதல்தான் அதிகம் வலிக்கும். நீச்சல் வரவில்லை என்றாலும் ஜாக்கெட் மிதக்கவைக்கும், அது உண்மை. ஆனாலும் தண்ணீருக்குள் முகம் போனதும் பதறுகிறவர்களை நான் கூட்டிப்போக மாட்டேன். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழைக்காலத்தில் எப்படியும் கடலில் இறங்க வழியில்லை. அந்த மாதங்களில் செம்பூரிலோ சிவாஜி பார்க்கிலோ உள்ள மாநகராட்சி நீச்சல் குளத்தில் சேர்ந்துவிடுங்கள்.

முடிந்து வந்ததும் போர்டு, கால் பட்டைகள், ஜாக்கெட் எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காயப்போட வேண்டும். உப்பு காய்ந்தால் திருகுகள் துருப்பிடிக்கும், ஜிப் இறுகிவிடும். கால் நுழையவில்லை என்று எண்ணெய் தடவாதீர்கள். சோப்புத் தண்ணீர் போதும்.

செலவை நாங்கள் சமமாகப் பிரித்துக்கொண்டிருந்தோம். போன சீசனில் தோழிக்கு வேறு காரணத்தால் தோளில் வலி வந்து, இழுபடுகிற விளையாட்டு எதுவும் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இனி வரமாட்டாளோ என்று நினைத்தோம். அடுத்த அஷ்டமிக்கு வழக்கம்போல முதல் ஆளாக வந்து காரில் உட்கார்ந்திருந்தாள். இப்போது படகு வாடகையை மூன்றாகத்தான் பிரிக்கிறோம். அவள் தன் பங்கை எடுத்து நீட்டினாள். அண்ணன் வாங்க விடவில்லை. "நீ பார்க்கிறதுக்கு நாங்கதான் உனக்குத் தரணும்மா" என்றார். புதிதாக வருகிறவர்களுக்கும் இதையே வைத்திருக்கிறோம்: முதல் நாள் போர்டு கிடையாது, காசும் கிடையாது, தோழி பக்கத்தில் உட்கார்ந்து பின்னால் பார்த்துப் பழக வேண்டும். அதற்குச் சம்மதிக்கிறவர்களை அடுத்த முறை தண்ணீரில் இறக்குகிறோம்.